அம்மாவுக்குப் பதிலாள்

எனக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, கொடுப்பதென்று மாதா கோயிலில் நாள் குறித்தபோது அம்மா அயர்லாந்தில் இருந்தாள். சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அப்பாவும் சித்தியும் தோட்ட வேலைக்குப் போனார்கள். அம்மா நர்சுக்குப் படித்துத் தப்பித்துக்கொண்டவள் என்று லயத்தில் சொல்வார்கள். தப்பித்தவளைத் தினமும் சாயங்காலம் அப்பாவின் போனில் பார்ப்பேன், சிக்னல் மனது வைத்தால்.

எங்களை அழைத்துக்கொள்ளும் அளவுக்கு அம்மாவின் சம்பளம் இன்னும் ஏறவில்லை. ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமைக்கான ஏற்பாட்டை அவள் போய் இறங்கிய மாதமே தொடங்கிவிட்டாள். விண்ணப்பம் போடவே இன்னும் சில வருஷம் கிடந்தது. கல்யாணம் ஆகுமுன்னே தொட்டில் வாங்குகிறாள் என்று சித்தி கேலி செய்வாள். அம்மா அசரவில்லை. வாடகை ரசீது, கரண்ட் பில் எதையும் தூக்கிப்போட மாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக நாட்களைக் காப்பாற்றினாள். ஒரு வருஷத்தில் இத்தனை நாளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் கணக்கில் இடிக்குமாம். அந்த வருஷம் அவளுடைய அப்பா படுக்கையில் விழுந்தார். ஓடி வந்து, பார்த்து, அடக்கம் செய்து திரும்புவதற்குள் அம்மாவிடம் இருந்த நாட்கள் தீர்ந்துபோயின. என் புதுநன்மைக்கு வர வழியில்லை.

அப்பா இதை எனக்குத் தோட்டத்து வழக்கத்தில் விளக்கினார். வேலைக்குப் போனால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழும், போகாவிட்டால் விழாது. அம்மாவுக்கு அந்த நாடே ஒரு தோட்டம், அங்கே நிற்காத நாளுக்குப் பேர் கிடையாது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் லயத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால், பேர் போய்விடக்கூடாதென்று தங்கையோ நாத்தனாரோ பதிலாளாகப் போய்க் கொழுந்து எடுப்பாள். சூப்பர்வைசர் எடையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார்.

அன்றே போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினேன்.

"ஏம்மா, சித்திய உனக்குப் பதிலா அங்க அனுப்புதோம். நீ கெளம்பி வந்துரு."

அம்மா சிரிக்கவில்லை. "ஏட்டி, சித்திக்கு என் சட்டை பத்துமா?" என்று கேட்டாள்.

பத்தும் என்றேன். ஆஸ்பத்திரியில் இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் என்ன செய்வாள் என்றாள். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டட்டும் என்றேன். நல்ல யோசனைதான் என்றாள் அம்மா. பிறகு அவளே பேசிக்கொண்டு போனாள். கொச்சியில் இறங்குவாள். மூணாறில் எனக்கு வெள்ளை ஷூ வாங்கிக்கொண்டு ஜீப் பிடிப்பாள். சித்தி பின்னினால் சடை கோணலாகிவிடும், அதனால் அவளே வந்து பின்னுவாள். கோயில் முடிந்ததும் லயத்துக்கே பிரியாணி போட வேண்டும். கோழியை எங்கே வாங்குவது என்றுகூடப் பேசினோம். சிக்னல் போகும்வரை பேசினோம்.

யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். புதுநன்மை நாள் காலையில் சித்தி வீட்டில்தான் இருந்தாள். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஜீப்பிலிருந்து அம்மா இறங்கியதும் அதே ஜீப்பில் சித்தி ஏறிக்கொள்வாள் என்று நினைத்தேன். வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டேன், தலையில் மட்டும் யாரையும் கைவைக்க விடவில்லை. விரித்த தலையோடு கோயில் முன்னால் ரோட்டில் போய் நின்றேன்.

மணி அடித்தார்கள். மற்றப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நின்றார்கள். ஒரு ஜீப் வந்தது. பக்கத்து லயத்துக்காரர் கேஸ் சிலிண்டரோடு இறங்கினார். பூசை வைக்கும் அச்சன் கூப்பிடுகிறார் என்று அப்பா ஓடி வந்தார். "அம்மா வரட்டும்" என்றேன். எந்த அம்மா என்பதுபோல் பார்த்தார். பாறையில் பேசியதையெல்லாம் சொன்னேன். அப்பா திட்டவில்லை. ஜீப் வரும் வழியையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார். தலையில் போர்த்திவிட்ட நெட்டுத் துணிக்குள்ளே பறட்டைத் தலையோடுதான் நான் நன்மை வாங்கினேன்.

சாயங்காலம் போனில் அம்மாவிடம் பேச மாட்டேன் என்றுவிட்டேன். அவள் காதில் விழும்படி, "அம்மா பொய் சொல்லிட்டா" என்று கத்தினேன். பிள்ளையின் மனது நோகக்கூடாதென்று அப்படிப் பேசியிருப்பாள் என்று அப்பா சமாதானம் சொன்னார். அதை நான் நம்பினேன், நம்பியும் மன்னிக்கவில்லை.

இப்போது நான் வேறொரு நாட்டில் என் நாட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று அம்மா அப்படிப் பேசியது என் மனதைத் தேற்றுவதற்காக அல்ல, அவளுக்காகவே. சிக்னல் இருந்தவரை அவள் கொச்சியில் இறங்கி, மூணாறு தாண்டி, ஜீப்பில் வந்துகொண்டே இருந்தாள். என் புதுநன்மைக்கு அவளால் வர முடிந்தது அவ்வளவு தூரம்தான்.