அப்பாவின் ‘நோ சார்’

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்குக் கடைவாய்ப் பற்கள் எல்லாமே ஆடிக்கொண்டிருந்தன. களியைக்கூட மோரில் கரைத்துத்தான் குடிப்பார். முன்னாள் ராணுவத்தினருக்கான பல் டாக்டர் மைசூரில்தான் இருக்கிறார். எங்கள் ஊரான ஹனூரிலிருந்து அப்பா பஸ்ஸில் வந்து வந்து திரும்பியதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும், “அவசரமில்லை, அடுத்த மாசம் வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

மைசூர் ஹெப்பாளில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு, சண்டை போடும் எண்ணத்தோடு நானும் கூடப் போனேன். டாக்டர் ஓய்வு பெற்ற மேஜர். அவரைக் கண்டதும் அப்பா விறைப்பாக நின்றார்.

“வலி இருக்கா?”

“நோ சார்!”

“சாப்பிட முடியுதா?”

“எஸ் சார்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரியிடம் வலிக்கிறது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. இவர்களும் அதை அப்படியே நம்பி, வாயைத் திறக்கச் சொல்லாமலே அனுப்பியிருக்கிறார்கள்!

பஸ்ஸில் நான் தின்ன வாங்கியிருந்த முறுக்கை எடுத்து நீட்டினேன். “டாக்டர் முன்னாடி இதைக் கடிங்கப்பா.”

“வேண்டாங் கண்ணு.”

“கடிங்க.”

கடித்தார். முறுக்கு உடையவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அப்போதும் விறைப்பாகத்தான் நின்றார். டாக்டர் பதறி எழுந்து, அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது.

பஸ் ஏறும்போதுதான் அப்பா வாய் திறந்தார். “சார் முன்னாடி அப்படிப் பண்ணியிருக்க வேண்டாங் கண்ணு.”

ஒரு மனுஷனின் வாயைத் திறந்து பார்க்கவைக்க, அவரை நான் இப்படிக் கூனிக்குறுக வைக்க வேண்டியிருந்ததே! அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது புதுப் பல் கட்டியாகிவிட்டது. எல்லாம் சாப்பிடுகிறார். முறுக்கை மட்டும் தொடுவதில்லை.