மருந்து வாடை

வார்டு மெம்பர் என்று பெயர்தான் பெரிது. மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் தெருவிளக்கு எரியாவிட்டாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் திட்டு வாங்குவது என் வேலை. வாங்கிக்கொண்டு போய் ஊராட்சிச் செயலாளரிடம் கெஞ்சுவதும் என் வேலைதான்.

அந்த மழைக்காலத்தில் பக்கத்து ஊரில் வாந்தி பேதி பரவியது. ஊற்றுத் தண்ணீர் வேண்டாம், தொட்டித் தண்ணீரையே குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லும்படி செயலாளர் போன் செய்தார். தொட்டியைக் கழுவியாயிற்றா என்று இரண்டு முறை கேட்டேன்.

“கழுவி மருந்தும் போட்டாச்சுங்க. தேதிகூட எழுதிட்டோம், போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். தொட்டிச் சுவரில் நீலப் பெயிண்டில் புதுத் தேதி பளிச்சென்று இருந்தது. ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

பிளீச்சிங் பவுடரைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்போம். அந்த வாடை யாருக்கும் ஆகாது. அதற்குப் பயந்தே பாதிப் பேர் குடத்தோடு ஊற்றுக்குப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் அப்படித்தான். “மருந்துத் தண்ணி வாணாங்க்கா, கொமட்டுது” என்றவளை வம்படியாகக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

“இன்னாக்கா, இந்தவாட்டி வாடையே இல்ல. நல்லாத்தான் கீது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அளவாகப் போட்டிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன். வாடை இல்லையென்றால் மருந்தே இல்லை என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் புருஷனுக்குப் பேதி கண்டது. மலையடிவாரத்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு ஜீப் பிடித்தோம். பாதி மலை இறங்குவதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து இரண்டு சொட்டு ஏதோ விட்டார். மருந்து இருந்தால் மஞ்சளாகுமாம். ஆகவில்லை. தொட்டிக்குள் இறங்கிய ஆள், அடியில் ஒரு சாண் சேறு கிடப்பதாகச் சொன்னார்.

செயலாளரைப் பிடித்துக் கேட்டேன்.

“பெயிண்ட் வந்துச்சு, எழுதிட்டோம். பவுடர் வர்லீங்க. ஆபீசர் வந்தா தேதியத்தான பாப்பாங்க.”

அறைய வேண்டும்போல இருந்தது. அழுகைதான் வந்தது. சார், சார் என்று நம்பிய என்னை வைத்தே என் ஊரை ஏமாற்றியிருக்கிறார். அவர் போய்ச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் சொன்னதால் குடித்தார்கள்.

பிறகு தொட்டியைக் கழுவினார்கள். இந்த முறை நானே மேலே ஏறி நின்று, பவுடரைக் கரைத்து ஊற்றும்வரை இறங்கவில்லை. அவள் புருஷனுக்குக் காரியம் முடிந்த வாரம் ஒரு குடம் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

“கண்ணால பாத்துட்டுத்தான் எடுத்தாந்தேன். பயப்படாம குடி.”

அவள் குடத்தை வாங்கவில்லை. கோபமும் படவில்லை.

“அன்னிக்கும் நீதானக்கா சொன்ன” என்றாள்.