மச்சான் அனுப்பிய மலைத்தேன்

கோபிநாத்தின் கண்ணுக்குத் தப்பி எதுவும் போய்விட முடியாது. ஒரகடத்தில் கார் ஹெட்லைட் செய்யும் கம்பெனியில் அவனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வரிசையாக வரும் கண்ணாடிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். மயிரிழைக் கீறல் இருந்தாலும் ‘என்ஜி’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவான். தேறாத சரக்குக்கு அந்த வட்டாரக் கம்பெனிகளில் அதுதான் பெயர். வரவர அந்த வார்த்தை அவன் நாக்கிலேயே குடியேறிவிட்டது. டீ ஆறிப்போனால் என்ஜி. தோசை கருகினால் என்ஜி. சொந்தச் சித்தப்பாவின் புதுச் சட்டையைக்கூட ஒருமுறை என்ஜி என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தான்.

அப்படிப்பட்டவன் எந்தச் சோதனையும் செய்யாமல், பார்த்த மாத்திரத்தில் நெஞ்சில் தூக்கி வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பாண்டிச்செல்வி.

அவள் கடையம் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் செல்போன் தயாரிக்கும் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். வாலாஜாபாத்துக்காரனான இவனும் அவளும் விரும்பி மணந்துகொண்டார்கள். தாய் தகப்பன் இல்லாத அவளைத் தோளில் போட்டு வளர்த்த அண்ணன் இசக்கிபாண்டி கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பிறகு பேசவும் இல்லை. பண்டிகை நாட்களில் அவள் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

கல்யாண நாள் மறுபடி வரும் சமயத்தில் அந்தப் போன் ஒலித்தது. “ஆம்னி பஸ்ல தேன் போட்டிருக்கேன். வாங்கிக்க.” அவ்வளவுதான், வைத்துவிட்டான் அண்ணன்.

ஒரு கேன் நிறைய மலைத்தேன். செல்வி அதைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த அந்த ஒற்றை அறையே நனைந்துபோயிற்று.

இவ்வளவு அருமையான தேனை ரொட்டியில் தடவித் தீர்ப்பதா? கோபிநாத் வீடியோக்களைத் துழாவினான். வெளிநாட்டில் ஒரு காலத்தில் புதுத் தம்பதிகள் ஒரு மாதம் முழுக்கத் தேன் ஒயின் குடித்தார்களாம், தேன்நிலவு என்ற பேச்சே அப்படித்தான் வந்ததாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மெய்யோ பொய்யோ, லீவு கிடைக்காமல் கொடைக்கானலைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த கோபிநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு தேனையும் தண்ணீரில் கரைத்தான். பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டைத் தூவினான். வெள்ளை நிறப் பெரிய எண்ணெய் கேனில் ஊற்றிப் போர்வையால் சுற்றினான். அதன் வாய்க்கு நீல ரப்பர் கையுறை ஒன்றை மாட்டி இறுக்கிக் கட்டினான்.

“இது எதுக்கு?” என்றாள் காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செல்வி.

“ஒரு மேஜிக் கீது. நீயே பாப்ப. ஆனா கேன தொறக்காத.”

உள்ளே தேன் நுரைத்துப் பொங்கினால் காற்று கிளம்பும். அந்தக் காற்றில் கையுறை உப்பி, ஆள் கையைத் தூக்கினாற்போல் எழுந்து நிற்கும். அதுதான் மேஜிக். அதை அவன் விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. அன்று தொடங்கி அந்த மாதம் முழுக்க அவனுக்கு நைட் ஷிப்ட், அவளுக்குப் பகல் ஷிப்ட். அவள் வீடு திரும்பும்போது அவன் பஸ் ஏறியிருப்பான். அவன் திரும்பும்போது அவள் கிளம்பியிருப்பாள். ஒரே வீட்டில் முறை வைத்துக் குடியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஆசையோடு கதவைத் திறந்தான். கையுறை துவண்டு கிடந்தது.

ஈஸ்ட் செத்திருக்கும் என்று இன்னும் கொஞ்சம் போட்டான். மறுநாளும் துவண்டுதான் கிடந்தது. கையுறையை எடுத்துப் பார்த்தான், சின்ன ஓட்டை. சரக்கு மட்டம் என்று திட்டிவிட்டு வேறு மாட்டினான். அதுவும் காலையில் தொங்கியது. உலர்திராட்சை போட்டால் ஈஸ்ட்டுக்குத் தெம்பு வரும் என்று ஒரு வீடியோ சொன்னது, போட்டான். வேலைக்குக் கிளம்புமுன் தினமும் புதுக் கையுறை. திரும்பி வந்தால் தினமும் அதே வாடிய கை.

கடைசியில் கேனைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து நக்கினான். பகீரென்றது. கரைத்த அன்றிருந்த இனிப்பில் பாதிகூட இல்லை. ஒரு மாதிரிப் புளித்த வாடை வேறு.

டீ இடைவேளையில், கூட வேலை பார்க்கும் வனமாமலையிடம் சொன்னான். அவன் நாங்குநேரிக்காரன்.

“தேன் யாரு குடுத்தா?”

“அவங்க அண்ணன்.”

“உன் கல்யாணத்துக்கு வராத அண்ணனா? அப்பம் அது தேனாவாடே இருக்கும். சீனிப்பாகுல்லா. கிண்டல் பண்ணி அனுப்பியிருக்காரு.”

அந்தச் சொல் முள்ளாகத் தைத்துவிட்டது. அப்படியும் இருக்குமோ? மன்னித்துவிட்டதாக நினைத்து இவள் மார்போடு அணைத்தாளே, அது வெறும் சர்க்கரைப் பாகுதானா? கேட்டுவிட வேண்டும் என்று இசக்கிபாண்டியின் எண்ணை எடுப்பான். கேட்டால், மெல்லத் துளிர்த்த உறவு அன்றோடு பட்டுப்போகும். போனை வைத்துவிடுவான். கேட்காமல் விழுங்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் ஓய்வு. செல்வி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கோபிநாத் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“செல்வி, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது.”

துருவல் நின்றது. அவள் முகம் வெளுத்தது.

“தெரிஞ்சி போச்சா?”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாம என்ன. நாந்தான பண்ணேன்.”

“நீயா? தேன்ல இன்னாத்த கலந்த?”

“தேன்ல நான் எதுக்குக் கலக்கப் போறேன்? அந்தக் கையச் சொல்லுதேன்.”

“எந்தக் கை?”

“நீங்க மாட்டிட்டுப் போற நீலக் கைதான். சாயங்காலம் வந்து லைட்டப் போட்டா அஞ்சு வெரலும் வெறைச்சிக்கிட்டு என்னையே பாத்து நிக்கி. மொத நாளு அலறிட்டேன். கேனு வெடிச்சிரும்னு பயந்து, ஊக்க எடுத்து ஒரு குத்து. புஸ்ஸுன்னு போயிட்டு. மறுநாளு பாத்தா திரும்பவும் நிக்கி. ஏசுவியளோன்னு சொல்லல.”

“தெனமுமா குத்தின?”

“தெனமும்லா மாட்டிட்டுப் போனிய.”

கோபிநாத் தாவிப்போய்ப் போர்வையை விலக்கிக் கேனில் காதை வைத்தான். உள்ளே மெல்லிய சலசலப்பு. ஆயிரம் பேர் கூடி ரகசியம் பேசுவதுபோல. தேன் முதல் நாளிலிருந்தே பொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த இனிப்பைத் தின்றது ஈஸ்ட். தேன் ஒழுங்காக வேலை செய்ததற்கான அடையாளத்தையெல்லாம் குற்றமாக எழுதிவைத்திருந்தான் இந்த இன்ஸ்பெக்டர்.

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

“எதுக்கு அழுவுதிய?”

“உங்க அண்ணன் சீனிப்பாகு அனுப்பி ஏமாத்திட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி.”

செல்வி அவனையே பார்த்தாள்.

“அவன்கிட்ட கேட்டியளா?”

“கேக்கல.”

“கேக்கணும்னு தோணிச்சா?”

“தெனமும். உன் மூஞ்ச நெனச்சிக்கினு போன வச்சிருவேன்.”

அவள் துருவுபலகையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். போனை எடுத்து அண்ணனின் எண்ணை அழுத்தி அவன் கையில் திணித்தாள். “இப்பம் பேசுங்க. நடந்தத சொல்லுங்க.”

அந்தப் பக்கம் குரல் கேட்டது. “செல்வி?”

“நான் கோபிநாத்து பேசறேன்.”

தயங்கித் தயங்கி ஒரு கேள்வி. “தேன் நல்லா இருந்துச்சா?”

எத்தனை நாட்களாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் காத்திருந்தானோ. “ஒரு கொற இல்ல மச்சான். நாங்க ரெண்டு பேருந்தான் அத போட்டுப் படுத்திக்கினு இருந்தோம்.”

ஊக்கு, கையுறை, சீனிப்பாகுச் சந்தேகம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடிக்குமுன் அங்கே வெடித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. செல்வி புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“மாப்ள,” என்றான் இசக்கிபாண்டி மூச்சு வாங்க. அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதுதான் முதல் தடவை. “எனக்கும் ஒரு கிளாஸ் வையுங்க. வந்து பாக்கேன்.”

“இது பக்குவப்பட மாசக் கணக்குல ஆவும் மச்சான்.”

“அப்பம் மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போறேன்.”