நாலுக்குக் கீழ கிடையாது

எண் ஒட்டுவதற்கு முன்னால் லோகநாயகி பனியனை வெறுமனே ஒரு தடவை தேய்த்துவிடுவாள். சாரல் விழும் மாதங்களில் கடைக்குள் மடித்து வைத்த துணிகூட ஈரம் இழுத்துக்கொள்ளும். ஈரத் துணியில் ஒட்டிய எண் இரண்டாவது சலவைக்கு நிற்காது. சூடு ஆறுவதற்குள் சாக்கட்டியால் நடுவைக் குறித்து, இரும்பு ஸ்கேலை வைத்து அளப்பாள். எண்ணின் உயரம் மார்பில் பத்து சென்டிமீட்டர், முதுகில் இருபது. அளந்ததை மறுபடி அளப்பாள். பிறகுதான் வெட்டிய எண்ணை வைத்து, சூடேறிய மெஷினின் கைப்பிடியை அழுத்துவது. பதினைந்து எண்ணி முடிக்கும்வரை உதடு மட்டும் அசையும்.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், எட்டுக்குப் பத்தடிக் கடை. கபடிக்காரர்கள், வாலிபால்காரர்கள் எந்த எண்ணைக் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் ஒட்டிக் கொடுப்பாள். கூடைப்பந்து என்றால் மட்டும் நிமிர்ந்து உட்காருவாள். "நாலுக்குக் கீழ கிடையாது. பதினஞ்சுக்கு மேல கிடையாது. என் தம்பி ரெஃபரி."

காரணமும் வைத்திருப்பாள். பந்து கூடையில் விழுந்தால் எத்தனை புள்ளி என்று நடுவர் விரலால் காட்டுவார். ஒன்று, இரண்டு அல்லது மூன்று. ஆட்டக்காரர் தப்பு செய்தாலும் அவருடைய எண்ணை மேசையில் எழுதுகிறவருக்கு அதே விரல்களால்தான் காட்டவேண்டும். காட்டிய இரண்டு விரல் புள்ளிக்கா, ஆளுக்கா என்று குழப்பம் வரக்கூடாது. அதனால் நான்கில் தொடக்கம். ஒரு கையை மூடினால் பத்து, மற்றக் கையை விரித்தால் ஐந்து, அதோடு முடிந்தது. "கையில காட்ட முடியாத நம்பரை முதுகுல எதுக்குப் போடுதிய?" என்பாள்.

இந்த விதி அவளுக்குத் தம்பி உமாசங்கரிடமிருந்து வந்தது. எட்டாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்து, தம்பியை உடற்கல்வி படிக்க வைத்தவள் அவள். நடுவர் தேர்வுக்கு அவன் விதிகளைத் தமிழில் உரக்கச் சொல்லிப் பார்ப்பான். அவள் காஜா எடுத்துக்கொண்டே கேட்பாள். அவன் தேறிய அன்று அவளும் தேறியதாகவே நினைத்துக்கொண்டாள். சில வருடம் கழித்து அவன் ஒரு புதுப் புத்தகம் கொண்டுவந்து, நிறைய மாறியிருக்கிறது, பார்த்துக்கொள் என்று கொடுத்தான். அதற்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டு, மேசைமேல் ஆட்கள் கண்ணில் படும்படி வைத்தாள். எண்ணுக்கு யாராவது வாதாடினால் அட்டையைத் தட்டி, "எல்லாம் இதுல இருக்கு" என்பாள். திறந்து காட்டியதில்லை.

இந்த வருடம் சாரல் தொடங்கிய வாரத்தில், வீரகேரளம்புதூரிலிருந்து ஜெயபிரியா வந்தாள். பதினோராம் வகுப்பு, குள்ளமான, பரபரப்பான பெண். அணியில் பன்னிரண்டு பேரின் எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். தன் பெயருக்கு நேரே 2. ஆறாம் வகுப்பிலிருந்து அதே எண்ணைத்தான் மார்க்கரால் எழுதிக்கொண்டு ஆடியதாகவும், இப்போதுதான் முதல்முறையாக ஒட்டப் போவதாகவும் சொன்னாள். லோகநாயகி தாளை வாங்கி அந்த இரண்டை அடித்தாள்.

"எல்லாரும் போடுதாங்களேக்கா?"

"ஏட்டி, ரெஃபரி வீட்டுலயே வந்து ரூல் பேசுத?" அட்டையைத் தட்டினாள். தாளில் பன்னிரண்டாம் எண் யாருக்கும் இல்லை. இரண்டுக்கு முன்னால் ஒன்றைச் சேர்த்து ஒட்டி, பனியனை உதறிக் கொடுத்தாள். "உன் ரெண்டு இதுக்குள்ளதான இருக்கு."

அந்தப் பெண் நம்பிவிட்டாள்.

குற்றாலத்தில் நடக்கும் போட்டிக்கு லோகநாயகி வருடந்தோறும் போவாள். பக்கத்து நூல்கடை ஹாஜரா பீவியையும் கூட்டிக்கொள்வாள். முதல் வரிசை நாற்காலி. மடியில் கத்தரிக்கோல், சின்ன இஸ்திரிப் பெட்டி, உதிரி எண்கள் போட்ட பை. தம்பி மேசைக்கு முன்னால் நின்று விரல் காட்டும்போதெல்லாம் இவளும் அதே விரல்களைத் தூக்கி, பின்வரிசைக்கும் கேட்கும்படி எண்ணைச் சொல்வாள். அதற்காகவே சிலர் இவளுக்கு அருகில் உட்காருவார்கள்.

அன்றைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் உமாசங்கர் பனியன்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஜெயபிரியாவிடம் வந்ததும் நின்றான். பள்ளிக்கூட டீச்சர் முந்தின வாரமே அனுப்பிய பட்டியலில் அவள் எண் 2. கொடுத்த பட்டியலைத் திருத்தக்கூடாது, எண் மாறினால் ஆளை இறக்கக்கூடாது என்பது அந்தப் போட்டியின் கட்டுப்பாடு. யார் எத்தனை தப்பு செய்தார் என்று எண்ணை வைத்துத்தானே எழுதுகிறார்கள்.

"ரெண்டு போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, சார்."

"யாரு சொன்னா?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். முதல் வரிசை முழுதும் திரும்பியது.

உமாசங்கர் அருகில் வந்து குனிந்தான். கோபமில்லை, அதுதான் லோகநாயகிக்குத் தாங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் போடலாமென்று வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, தொண்ணூற்றொன்பது வரைக்கும் போடலாம், பதினைந்துக்கு மேல் போனால் இப்போது கை காட்டுகிற முறையே வேறு என்று மெதுவாகச் சொன்னான். தன் தம்பியின் கையையே அவள் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே வரும் அணிகளெல்லாம் தன் கடைப் பனியன்தான்; தான் ஒட்டிக் கொடுத்த எண்களுக்கு மட்டும்தான் அவன் விரல் காட்டினான் என்பது அப்போதுதான் புரிந்தது. எத்தனை பிள்ளைகளின் எண்ணை அடித்திருப்போம் என்று கணக்குக்கூட வரவில்லை.

"அந்தப் புஸ்தகத்தைப் பாக்கலையாக்கா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. எதிரே அந்தப் பெண் பனியனின் ஓரத்தைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அது இங்கிலீஷ்லலா இருக்கு," என்றாள்.

உமாசங்கர் கழுத்தில் தொங்கிய விசிலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். "அது தெரிஞ்சுதான் கொடுத்தேன். நான் உக்காந்து சொல்லியிருக்கணும்," என்றான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஆறு நிமிடம் இருக்கிறது என்றான்.

லோகநாயகி மைக்செட்டின் பிளக்கைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். ஜெயபிரியா தோழியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பனியனைக் கழற்றிக் கொடுத்தாள். லோகநாயகி சூடு காட்டிக் காட்டி, பன்னிரண்டில் ஒன்றை மட்டும் நகத்தால் உரித்தாள். முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று. விரல்நுனி வெந்தது. ஒருநாளும் கோணல் போகாத அவள் வேலையில், இரண்டு வலப்பக்கமாக ஒதுங்கி நின்றது. அதன் இடப்பக்கம் ஒன்று இருந்த இடம் பசையோடு பளபளத்தது. உமாசங்கர் பார்த்தான். "நடுவுல இல்ல. ஆனா தெரியுது. போம்மா."

ஓடுகிற ஓட்டத்தில் அந்தப் பெண் திரும்பி, "தேங்க்ஸ்க்கா" என்றாள். லோகநாயகி இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடம் விசில் அடித்தது. ஜெயபிரியா எதிரணிப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டாள். உமாசங்கர் மேசைக்கு முன்னால் வந்து நின்று, கையை உயர்த்தி, இரண்டு விரல் காட்டினான்.

"எந்த நம்பரு, நாயகி?" என்று ஹாஜரா பீவி வழக்கம்போலக் கேட்டாள். பின்வரிசையும் இவள் கையைப் பார்த்தது.

லோகநாயகி எழுந்திருக்கவில்லை, கையைத் தூக்கவும் இல்லை. உரித்த ஒன்று உள்ளங்கையில் ஒட்டியபடியே இருந்தது. அந்தக் கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அதற்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல், இரண்டு விரல்களை நிமிர்த்தினாள்.