தேவைப்பட்டியல் இல்லாமல் வாங்கிய விளையாட்டு

முப்பத்தொரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். குண்டூசியிலிருந்து ஜெனரேட்டர் வரை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு மட்டும் எதையும் வாங்கியதில்லை. அது என் மனைவியின் இலாகா. மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, நான் ஒரு சட்டை எடுத்து முடிப்பதற்குள் தீபாவளி போய்விடும் என்பது அவளுடைய கருத்து. நியாயமான கருத்துதான்.

போன ஐப்பசியில் ஒரு காலை, காபி தம்ளர் அவள் இடது கையிலிருந்து விழுந்தது. பக்கவாதம் என்றார்கள். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். பேச்சு முழுதாகத் திரும்பியது. கால் ஓரளவு வந்தது. இடது கை வரவில்லை. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்கள் மூடிக்கொண்டன. கிள்ளினால் தெரியவில்லை என்றாள். அந்த நாட்களில் என்னைக் கிள்ளியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். காப்பீட்டுப் படிவங்களை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொடுத்தேன். "சார் இங்கன முன்னால வேல பாத்தியளா?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். அந்த மாதத்தில் பிறர் மெச்சும்படி நான் செய்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தபின் பிசியோதெரபி செய்ய வாரத்தில் மூன்று நாள் ஒரு பெண் வந்தாள். கடற்கரை ஊரான புன்னைக்காயல்காரி. மாசி கழிந்த ஒரு நாள், செருப்பை மாட்டிக்கொண்டே என்னை வாசலுக்கு அழைத்தாள்.

"சார், நான் வந்தா அம்மா கைய நீட்டுதாங்க. நான் அங்கன திரும்புனதும் சேலைக்குள்ள ஒளிச்சுக்கிடுதாங்க. ஒரு மணி நேரம் நான் புடிச்சு விட்டு கை வராது. மிச்ச நேரம் அவங்கதான் செய்யணும்."

"நானும் சொல்லுதேன். கேக்க மாட்டேங்கா."

"சொன்னா யாரு சார் கேப்பா? எங்க அப்பாவுக்கு இப்படி வந்தப்ப வலையத் தூக்கி மடியில போட்டோம். எங்க எல்லாத்தையும் ஏசிக்கிட்டே கிழிசல் பொத்துனாரு. கை வந்துட்டு. அம்மாவுக்கு எது புடிக்குமோ அதக் குடுங்க, ரெண்டு கையும் வேணுங்கிற மாதிரி. இன்னொரு வீட்டுல டிவில வீடியோ கேம் போட்டுக் குடுத்திருக்காங்க. உங்க வீட்டுல பூனை இருக்கு, அதுக்கு எதையாவது ஆட்டிக் காட்டச் சொல்லுங்க. இந்தக் கோடைக்குள்ள கொஞ்சம் அசைவு வந்தாத்தான் உண்டு. அப்புறம் கை அப்படியே பழகிரும் சார்."

இதில் "எது புடிக்குமோ" என்ற பகுதி எனக்குக் கேட்கவில்லை. வீடியோ கேம், பூனை என்ற இரண்டு சொற்கள் கேட்டன. பொருளின் பெயர் கிடைத்துவிட்டால் கொள்முதல் பிரிவுக்காரன் காதில் வேறெதுவும் விழாது.

அன்று பிற்பகலே ஒரு தாளில் எழுதினேன். பொருள் ஒன்று: தொலைக்காட்சியில் இணைக்கும் விளையாட்டுக் கருவி, இரு கைகளாலும் பிடிக்கும் கன்ட்ரோலருடன். பழையதானாலும் பரவாயில்லை, ஆறு மாத உத்தரவாதம் தேவை. பொருள் இரண்டு: பூனைக்கான சிறு விளையாட்டுச் சாமான்கள். பிய்த்து விழுங்கக்கூடிய கண், மணி, நூல் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனைக்காக அரை நாள் படித்தேன். நூலை விழுங்கிய பூனையின் குடல் என்ன ஆகும் என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, என் மனைவிக்கு நோய் வருவதற்கு முன்புவரை அந்தப் பூனைக்கு இருந்த ஒரே விளையாட்டுச் சாமான் ஒரு பழைய பாவாடை நாடா. அவள் வலது கையில் செய்தித்தாளைப் பிடித்தபடி இடது கையால் அதை ஆட்டுவாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து பூனை பிரிட்ஜின் மேல்தான் படுக்கிறது.

வண்ணார்பேட்டையில் ஒரு மாடிக்கடை. பழைய விளையாட்டுக் கருவிகளை வாங்கி, பழுது பார்த்து விற்கிறவர். நாற்பது வயது இருக்கும்.

"வாங்க அண்ணாச்சி. எத்தன வயசுப் பிள்ளைக்கு?"

"அறுபத்துநாலு."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "உங்களுக்கா?"

"வீட்டுல அவளுக்கு."

"அப்படிப் போடுங்க! எங்க வீட்டுலயும் இருக்காளே, என்னையே வெளிய விரட்டுதா" என்றவர், நான் சிரிக்காததைப் பார்த்து ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். "இதுல நானூறு கேம் இருக்கு. வில ரொம்பக் கம்மி."

"பட்டியல் இருக்கா?"

"எந்தப் பட்டியல்?"

"நானூறுக்கும்."

டிவியில் போட்டுக் காட்டச் சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தேன். எண்பதாவது விளையாட்டுக்கு மேல் எதுவும் புதிதாக இல்லை. அதே தவளை, சட்டையின் நிறம் மட்டும் வேறு. அதே கார், பெயர் மட்டும் வேறு. இந்த வகைச் சரக்கை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன். நூற்றி இருபதாவது வரை பார்த்துவிட்டு எழுந்தேன்.

"அண்ணாச்சி, இது வரைக்கும் யாரும் இப்படி எண்ணுனதில்ல" என்றார். பிறகு உள்ளே போய், உண்மையாகவே நல்ல கருவி ஒன்றை எடுத்து வந்தார். பழையது. கன்ட்ரோலரின் இடது பக்கம் ஒரு சிறு குச்சி, வலது பக்கம் பொத்தான்கள். குச்சி தளர்ந்திருக்கிறதா என்று நானே நூறு தடவை ஆட்டிப் பார்த்தேன். விளையாட்டுகள் நான்கு: கால்பந்து, கார் பந்தயம், பழங்களை அடுக்குவது, மலைப்பாதையில் பஸ் ஓட்டுவது. விலைப்புள்ளியைக் கடை முத்திரையோடு எழுதித் தரச் சொன்னேன். "முத்திரையா? நான் பில்லே போடுறதில்ல" என்றவர், கடைசியில் ஒரு பழைய காலண்டரின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு மறுநாள் அவரிடமே வாங்கினேன்.

பூனைச் சாமான்களுக்கு மார்க்கெட் பக்கம் மீன்தொட்டி விற்கும் பெரியவரின் கடை. நூலில் இறகு கட்டிய குச்சி ஒன்றைத்தான் அவர் முதலில் எடுத்தார். "இதத்தான் எல்லாரும் வாங்குதாவ" என்றார். நூல் கூடாது என்றேன். மணி வைத்த எலியைக் காட்டினார். மணி கூடாது என்றேன். கண் வைத்த எலி. கண்ணைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்தது.

"பூனைக்கு வாங்குதியளா, கலெக்டருக்கு வாங்குதியளா?" என்றார். இரண்டு கெட்டியான ரப்பர் பந்தும், ஒரு பிளாஸ்டிக் சுருளும், தைத்த துணி எலி ஒன்றும் தேறின.

எல்லாவற்றையும் கூடத்து மேசையில் பரப்பி வைத்தேன். அவள் நாற்காலியில் இருந்தாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது.

"என்னத்தையெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கிய?"

சொன்னேன். சொல்லும்போதே, ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் விளக்குகிற தொனி வந்துவிட்டது.

"நான் கேட்டனா?"

துணி எலியை நேராக்கி வைத்தேன்.

"உங்க ஆபீசுல யாரும் கேக்காம ஒரு குண்டூசி வாங்கியிருப்பியளா? யாரோ ஒரு ஆபீசுக்கு ஜெராக்ஸ் மிஷின் வாங்கி, அவங்க கேக்கவே இல்லன்னு பெட்டியே பிரிக்காம கெடந்துச்சுன்னு வந்து வந்து சிரிச்சிய. இப்ப எனக்கு ஜெராக்ஸ் மிஷின் வாங்கிட்டு வந்திருக்கிய."

சரிதான். எந்தக் கொள்முதலும் தேவைப்பட்டியலில் தொடங்க வேண்டும். பயன்படுத்தப் போகிறவர் இன்னது வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அது இல்லாத எத்தனையோ கோப்புகளை ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். இந்தக் கோப்பில் விலைப்புள்ளி இருந்தது, ஒப்பீட்டுப் பட்டியல் இருந்தது, கேட்டவர் கையெழுத்து இல்லை.

"சரி, என்ன வேணும்னு சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம்."

பூனை இறங்கி வந்து துணி எலியை முகர்ந்துவிட்டு மறுபடி பிரிட்ஜின் மேல் ஏறிக்கொண்டது. ஒரு பந்து அலமாரிக்கு அடியில் போயிற்று. யாரும் எடுக்கவில்லை.

உத்தரவாதம் ஆறு மாதம்தான் என்பதால் கருவி வேலை செய்கிறதா என்று நானே பிற்பகல்களில் சோதித்தேன். பஸ் விளையாட்டு. குச்சியைத் திருப்பினால் பஸ் திரும்பும். வலது பக்கத்தில் ஒரு பொத்தான் வேகம், ஒரு பொத்தான் பிரேக். நிறுத்தங்களில் ஆள் ஏற்ற வேண்டும். மூன்று நாளில் நான் ஒருவரைக்கூட ஏற்றவில்லை. என் மனைவி சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவள். இருபத்தாறு வருடம் தினமும் பஸ்ஸில் போய் வந்தவள். நான்காம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஸ்டாப்புல நாலு பேரு நிக்கான். உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"பிரேக் பிடிக்குறதுக்குள்ள தாண்டிருது."

"பைய வரணும். இப்படித்தான் ஒரு டிரைவர் இருந்தான், ஸ்டாப்பைக் கண்டாலே அவனுக்கு எரிச்சல் வரும்." சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கன கொண்டாங்க. பிரேக்கை நான் பாத்துக்கிடுதேன். வளைக்கிறத நீங்க பாருங்க."

ஐப்பசிக்குப் பிறகு அவள் கேட்ட முதல் காரியம் அது. தேவைப்பட்டியல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலியை அவள் இடது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரே கன்ட்ரோலர். குச்சியில் என் கட்டைவிரல், பொத்தான்களில் அவள் விரல்கள். முதல் நாளே ஏழு பேரை ஏற்றினோம். "வளைங்க, வளைங்க, ஏ மனுசா, வளைங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பூனை இறங்கி வந்து பார்த்தது. இரண்டு வாரம் தினமும் நான்கு மணிக்கு இப்படி ஓட்டினோம். மலைமேல் ஊர் வரை போனோம். சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால் தெரியவில்லை. நான்கு மணி ஆவதைக் கவனித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பிசியோதெரபிப் பெண் ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டாள். வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அவள் பார்வை என் மனைவியின் முந்தானைக்குப் போயிற்று.

"சார், இது என்ன சார்?"

"ரெண்டு வாரமா விளையாடுதா" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

"அம்மா விளையாடுதாங்க. அம்மாவோட இடது கை எங்க சார் இருக்கு? அது செய்ய வேண்டிய வேலைய நீங்க செய்யுதிய. அப்புறம் அது எதுக்கு சார் வரும்?" அவள் கோபப்படவில்லை. எண்ணெயை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "சித்திரை பொறந்துட்டு சார்."

கேட்டதைக் கேட்டபடி கொடுத்தது என் இரண்டாவது தவறு. அலுவலகத்தில் அதற்கு ஒரு விதி கிடையாது.

மறுநாள் நான்கு மணிக்குக் குச்சியைப் பிடிக்க மாட்டேன் என்றேன்.

"அப்ப எனக்கு வேண்டாம்" என்றாள்.

"நீ இடது கைய வை."

"வச்சா? அது அங்கன செத்த மாதிரி கெடக்கும். அத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? நீங்க பாருங்க, உங்களுக்கு ஆசையா இருந்தா." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்கு நாள் டிவியில் செய்தி ஓடியது. அவளிடம் மன்னிப்புக் கேட்டுக் குச்சியை எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். எழுந்த கையோடு மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். தொட்டி இரண்டு முறையும் நிறைந்திருந்தது.

ஐந்தாம் நாள் அவளே சொன்னாள். "டிவில அந்த பஸ்ஸப் போடுங்க. நீங்க அங்கன தள்ளி உக்காருங்க. கைய நீட்டப்படாது. பேசவும் படாது."

முந்தானைக்குள்ளிருந்து இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டைவிரல் கடைசியில் வந்தது. அதைக் குச்சியின் மேல் வைத்து, நழுவாமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு வலது கையைப் பொத்தான்களுக்குக் கொண்டுபோனாள்.

பஸ் கிளம்பியது. முதல் வளைவில் வளையாமல் நேரே போய்ச் சுவரில் முட்டியது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் பின்னால் எடுத்து மறுபடி விட்டாள். மறுபடியும் அதே சுவர். நிறுத்தத்தில் நான்கு பேர் நின்றார்கள். குச்சியை ஒரு நெல் அளவு இடப்பக்கம் தள்ளினால் போதும். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பஸ்ஸின் மூக்கு சுவரோடு உரசிக் கொஞ்சம் இடப்பக்கம் வந்த மாதிரி இருந்தது. விரல் நகர்ந்து வந்ததா, வியர்வையில் வழுக்கி வந்ததா என்று நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கேட்கவில்லை. அவள் மறுபடி பின்னால் எடுத்தாள்.