முனீஸ்வரரின் கண்கள்

கையெழுத்தும் எழுத்துப் பிழையும் மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன்.

வேனில் தண்ணீர் பீய்ச்சும் மெஷினை ஏற்றிக்கொண்டு கிள்ளானில் தொழில் தொடங்கினேன். ஆடிப் பூசைக்கு முன் முனீஸ்வரர் கோயிலைக் கழுவுவதுதான் முதல் வேலை. கிட்டே நின்று அடித்ததில் சிலையின் கண்கள் பெயிண்ட்டோடு போய்விட்டன.

கோயில் தலைவர் பதறி ஓடி வந்தார். முதல் வேலையிலேயே பெயர் கெட்டால் தொழில் போய்விடும் என்று பயந்து, "மட்டமான பெயிண்ட் லா பாஸ்," என்றேன்.

சிலைக்கு வர்ணம் அடித்திருந்த பெயிண்டரைக் காப்பாரிலிருந்து வரவழைத்தார்கள்.

"சாமி கண்ணுலயே திருட்டா?" என்று தலைவர் எல்லார் முன்பும் அவரைத் திட்டினார்.

பெயிண்டர் என் மெஷினைப் பார்த்தார். கண்களை இலவசமாக எழுதிக் கொடுத்தார். போகும்போது என்னிடம் மட்டும், "மெஷினுக்குக் கண்ணு இல்லண்ணே. ஒங்களுக்கு இருக்குதே," என்றார்.

தலைவரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. எனக்குக் கூச்ச சுபாவம் என்பார்கள். கூச்சமாவது! வெறும் கோழை.

எழுதியது, 1996 ஆடி மாதம், அதே கோயிலை மறுபடியும் கழுவிவிட்டு வந்த அன்று.