ஜன்னல் மேல் போட்ட பழி

என் அக்கா அதிகம் பேச மாட்டாள். பேசுகிற வேலையை அத்தானுக்கும் எனக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். அத்தான் லாரி ஓட்டி ஓய்ந்தவர். நான் வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிறவன். எங்கள் இரண்டு பேர் வாயையும் கேட்டுக் கேட்டே அவள் காது பாதி தேய்ந்திருக்கும்.

வேலையை விட்டதும் அத்தான், உள்ளேயே கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். அதிலேயே மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. பேத்தியை அவள் அதுவரை போனில்தான் பார்த்திருந்தாள். கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில், வண்டியின் வெளிச்சுவரில் புது விளக்கு மாட்டும் வேலை என்னிடம் வந்தது.

பழைய விளக்கைக் கழற்றினால் அடியில் காய்ந்து இறுகிய பசை. அதை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் புதிய விளக்கை வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் இடுக்கு விழுந்து தண்ணீர் நுழையும். மேலேயும் இரண்டு பக்கமும் தண்ணீர் புகாதபடி சிலிக்கான் பசை பூசிவிட்டு, கீழே மட்டும் பூசாமல் விட வேண்டும். தப்பித்தவறி நுழைகிற தண்ணீர் வெளியேற அதுதான் வழி. இதைப் பத்துப் பேருக்கு வாய் கிழியச் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்குச் சோம்பல். பாதிதான் சுரண்டினேன். மிச்சப் பசை கீழே அசிங்கமாக எட்டிப் பார்த்தது. அத்தான் கண்ணில் படக்கூடாதென்று நான்கு பக்கமும் பூசி மெழுகிவிட்டேன்.

முதல் மழையிலேயே மெத்தை நனைந்துவிட்டது. அத்தான் கூப்பிட்டார். விளக்கைப் பார்த்ததுமே என் பூச்சு வேலைதான் காரணம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"விளக்குல ஒண்ணுமில்ல அத்தான். பக்கத்து ஜன்னலைச் சரியாச் சாத்தியிருக்க மாட்டாங்க," என்றேன்.

அத்தான் அக்கா பக்கம் திரும்பினார். "ஒரு ஜன்னலைச் சாத்தத் துப்பில்ல. உன்னை நம்பி அவ்வளவு தூரம் எப்படிப் போறது?"

பயணம் நின்றுபோனது. அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு காபி போட்டுக் கொடுத்தாள். நானும் வெட்கம் கெட்டுப்போய் வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் போன் வந்தாலே எடுக்கக் கூசியது. இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் ஸ்க்ரூடிரைவரோடு போய் நின்றேன். அத்தான் கடைக்குப் போயிருந்தார். விளக்கைக் கழற்றியதும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் என் முழங்கை வரை வழிந்தது. பின்னாலிருந்த சுவர் மரம் விரல் பட்டதும் உதிர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு, கை சொட்டச் சொட்ட வண்டிக்குள் இருந்த அக்காவிடம் போனேன்.

"அக்கா, தப்பு என்னோடதுதான்."

"தெரியும்டா. அந்தத் திரையை விலக்கிப் பாரு."

பார்த்தேன். ஜன்னல் விளிம்பு முழுக்க டேப் ஒட்டியிருந்தது.

"காத்து வருதுன்னு மழைக்கு முந்தின நாளே நான்தான் ஒட்டினேன். ஜன்னலைத் திறக்கவே முடியாது."

"அப்பவே அத்தான்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அத்தான் பையோடு வந்தார். உதிர்ந்த மரத்தை அவர் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திரை விலகியிருந்த ஜன்னலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். வாயாடிகள் இரண்டு பேரும் பேச்சற்று நிற்க, அக்கா துணியை எடுத்து நான் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள்.